அச்சிட அரைக்கால் யூனிட்கூட ஆகாது: வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றின் ஓராண்டு மின் கணக்கு

கணக்குக்கு எடுத்துக்கொண்ட வீட்டில் ஒரே ஒரு இங்க்ஜெட் பிரிண்டர். பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்யும் வகை; வைஃபையில் இணைந்திருக்கிறது; பிளக்கில் செருகிய நாள் முதல் யாரும் அணைப்பதில்லை. மாதம் 100 பக்கம், 20 தடவையாக, தடவைக்குச் சராசரி 5 பக்கம். பிள்ளைகளின் பாடத்தாள், விண்ணப்பப் படிவம், டிக்கெட் என்று பெரும்பாலும் கறுப்பு எழுத்து.

மின் அளவுகள் இந்த வகைப் பிரிண்டர்களில் வழக்கமாகக் காணும் வரம்புக்குள் வைத்தவை. அச்சிடும்போது 15 வாட். அச்சிட்டு முடித்து அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் 'ரெடி' நிலையில் 5 வாட். ஸ்லீப்பில் 1.2 வாட். பட்டனை அழுத்தி அணைத்த பிறகும், பிளக் செருகியிருக்கும்வரை 0.2 வாட். உங்கள் மாடலின் எண்கள் அதன் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அவற்றை இங்கே மாற்றிப் போட்டுக்கொண்டால் கணக்கு உங்களுடையதாகிவிடும். விடையை யூனிட்டில்தான் தருகிறோம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. உங்கள் பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலையோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். சராசரி விலையால் பெருக்கக் கூடாது. அடுக்கு முறைக் கட்டணம் உள்ள இடத்தில், பிரிண்டரை அணைத்தால் குறைவது மேல் அடுக்கு யூனிட்தான்.

விடை: ஆண்டுக்கு 10.6 யூனிட். அதில் அச்சிடும் வேலைக்குப் போனது 0.05 யூனிட். மீதி கிட்டத்தட்ட முழுவதும், பிரிண்டர் எதுவுமே செய்யாமல் சும்மா இருந்த நேரத்துக்கு.

பின்பக்க லேபிளை வைத்துக் கணக்குப் போட்டால்

பெரும்பாலோர் தொடங்கும் இடம் இதுதான், தவறுவதும் இங்கேதான். பிரிண்டரின் பின்பக்கம் '100–240 வோல்ட், 0.5 ஆம்பியர்' என்ற மாதிரி ஒரு லேபிள் இருக்கும். 230-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 115 வாட். ஒரு நாள் முழுக்க ஓடினால் 2.76 யூனிட், ஆண்டுக்கு ஆயிரம் யூனிட் என்று பயம் வந்துவிடும்.

அந்த ஆம்பியர் எண், உள்ளே போகக்கூடிய உச்ச மின்னோட்டம். வயரும் ஃபியூஸும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சொல்வதற்காக அச்சிட்டது. மிகக் குறைந்த வோல்ட்டில், எல்லா மோட்டாரும் ஒன்றாக இழுக்கும் நொடியையும் சேர்த்துப் பாதுகாப்புக்காகக் கூட்டி எழுதியது. பிரிண்டர் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பதற்கு அதில் பதில் கிடையாது. கையேட்டில் 'பவர் கன்சம்ப்ஷன்' என்ற தலைப்பின் கீழ் ஸ்லீப், ரெடி, ஆஃப் என்று தனித்தனியே தந்திருக்கும் வாட்தான் கணக்குக்கு வேண்டியது.

ஒரு பக்கத்துக்குள் என்ன நடக்கிறது

கறுப்பு எழுத்துப் பக்கம் ஒன்று, தாளை இழுப்பதிலிருந்து வெளியே தள்ளுவதுவரை 10 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 15 வாட் × 10 வினாடி = 150 ஜூல். ஒரு யூனிட்டில் 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு யூனிட் மின்சாரத்தில் 24,000 பக்கம் அச்சிடலாம். அது 500 தாள் கொண்ட 48 கட்டு. ஏ4 தாள் ஒன்று 80 ஜிஎஸ்எம்-இல் 5 கிராம் இருக்கும் என்பதால், எடை 120 கிலோ. சிறிய கார்ட்ரிட்ஜ் ஒன்று 200 பக்கம் தந்தால், அந்த ஒரு யூனிட் தீர்வதற்குள் 120 கார்ட்ரிட்ஜ் தீர்ந்திருக்கும். அச்சிடும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பது ஏன் வீண் வேலை என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 150 ஜூலிலும் மைக்குப் போவது மிகச் சிறு பங்கு. வெப்ப முறை இங்க்ஜெட்டில் மை வெளியேறும் நுண்துளையான ஒவ்வொரு நாசிலின் பின்னாலும் ஒரு நுண்ணிய மின்தடை இருக்கிறது. ஒன்றிரண்டு மைக்ரோவினாடி மின்சாரம் பாய்ந்ததும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய மைப் படலம் மட்டும் 300 டிகிரி செல்சியஸுக்கு அருகே சூடாகிக் குமிழாகும். குமிழ் தள்ள, ஒரு துளி வெளியே பாயும். பீசோ முறையில் சூடே இல்லை. மின்னழுத்தத்தில் வளையும் ஒரு படிகத் தகடு மையை அமுக்கித் தள்ளுகிறது. எந்த முறையானாலும் துளி ஒன்றுக்கு ஆவது சில மைக்ரோஜூல். 70 மில்லி மை பாட்டிலில் 4,500 பக்கம் வரும் என்றால், பக்கத்துக்கு 0.0156 மில்லி மை. துளி 15 பிகோலிட்டர் என்றால் பத்து லட்சம் துளி. எல்லாம் சேர்ந்து சில ஜூல்தான் வருகிறது. மீதியை, நாசில்கள் உள்ள ஹெட்டை இடவலமாக இழுக்கும் மோட்டார், தாளை நகர்த்தும் மோட்டார், உள்ளே இருக்கும் கணினிப் பலகை, வைஃபை, திரை, மின்மாற்றும் பகுதியில் வீணாகும் சூடு ஆகியவை பங்கு போட்டுக்கொள்கின்றன.

கலர் போட்டோ கொஞ்சம் கூட எடுக்கும். அதற்குக் காரணம் நேரம்தான். மையின் பங்கு அங்கும் சிறிதே. முழுப் பக்கப் படம் உயர் தரத்தில் 2 நிமிடம் ஓடி 18 வாட் எடுத்தால் 2,160 ஜூல். அப்படியும் ஒரு யூனிட்டுக்கு 1,600-க்கு மேல் படம் கிடைக்கும். 'டிராஃப்ட்' தரத்தில் அச்சிட்டால் மின்சாரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் செய்ய வேண்டிய காரணம் மை. அதே மாதிரி இருபக்கமும் அச்சிடுவது தாளுக்காக. இங்க்ஜெட் பின்பக்கத்தைத் தொடங்குமுன் மை உலரச் சில வினாடி நிற்கும். அதனால் பிரிண்டரின் மின்சாரம் துளி கூடவே செய்யும். ஒரு தாளை ஆலையில் செய்ய ஆகும் ஆற்றலுக்கு முன்னால் அந்தக் கூடுதல் கணக்கிலேயே வராது.

காத்திருக்கும் நேரத்தின் விலை

மாதம் 100 பக்கத்துக்கு 1,000 வினாடி, அதாவது 17 நிமிடம் கூட இல்லை. ஆண்டுக்கு 3 மணி 20 நிமிடம். அதற்கு 0.05 யூனிட்.

ஒவ்வொரு தடவை அச்சிட்ட பின்னும் பிரிண்டர் உடனே தூங்குவதில்லை. ஸ்லீப் டைமர் 5 நிமிடம் என்றால், மாதம் 20 தடவைக்கு 100 நிமிடம் 5 வாட்டில் விழித்திருக்கும். ஆண்டுக்கு 20 மணி நேரம், 0.1 யூனிட். அதாவது அச்சிட்டதைவிட, அச்சிட்டு முடித்துக் காத்திருந்ததற்கு இரண்டு மடங்கு. இரண்டுமே அற்பத் தொகை.

மீதி 8,737 மணி நேரம் தூக்கம். 1.2 வாட்டில் 10.48 யூனிட். ஒரு 9 வாட் எல்இடி பல்பை ஆண்டு முழுக்கத் தினமும் 3 மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். பெரிய தொகை இல்லை என்றாலும், வீட்டில் ரூட்டர், செட்டாப் பாக்ஸ், டிவி, சார்ஜர் என்று பிளக்கிலேயே இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் இதே மாதிரி ஒரு தொகையை எடுக்கின்றன.

ஸ்லீப்பில் எதற்கு 1.2 வாட்? வைஃபை சிப் விழித்திருக்க வேண்டும். போனிலிருந்து பிரிண்ட் கட்டளை வந்தால் எழுப்ப வேண்டும். யூஎஸ்பி கேபிள் போட்டு வைஃபையை அணைத்துவிட்டால் பல மாடல்களில் இது குறையும். இன்னொரு பங்கு மின்மாற்றும் பகுதியின் சொந்தச் செலவு: அதன் முழுத் திறனில் சில விழுக்காட்டுச் சுமையில் ஓடும்போது அது நன்றாக வேலை செய்வதில்லை. பட்டனை அழுத்தி அணைத்த பிறகும் 0.2 வாட் போவது இதனால்தான். அந்தப் பட்டன் மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச் கிடையாது. பலகைக்கு ஒரு செய்தி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

பிரிண்டரின் வயது இங்கே முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, அணைத்த நிலையில் 0.5 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2013-இலிருந்து கட்டாயமாக்கியது. வலையில் இணைந்தபடி காத்திருக்கும் சாதாரணக் கருவிகளுக்கான வரம்பு படிப்படியாக இறங்கி 2019-இல் 2 வாட் ஆனது. ஒரே மாடலைப் பல நாடுகளுக்கும் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் தனித்தனியே மின்பலகை செய்வதில்லை என்பதால் இதன் பலன் மற்ற இடங்களிலும் கிடைத்தது. அதற்கு முந்தைய பிரிண்டர் என்றால் 0.2, 1.2 என்ற எண்களை நம்பாமல் அளந்து பாருங்கள்.

தூங்காத பிரிண்டர்

உண்மையான செலவு இங்கே இருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் ஸ்லீப்புக்குப் போகாமல் ரெடி நிலையிலேயே நின்றுவிட்டால், 5 வாட் × 8,757 மணி = 43.8 யூனிட். நான்கு மடங்கு. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. திரை மங்கியிருக்கும், சத்தம் இருக்காது. திரை மங்குவதும் ஸ்லீப்பும் வேறு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காரணங்களில் முதலாவது, பிழை நிலை. தாள் தீர்ந்துவிட்டது, மூடி சரியாக மூடவில்லை, கார்ட்ரிட்ஜை அடையாளம் காணவில்லை என்று ஏதாவது ஒரு செய்தியோடு நின்றால், பல மாடல்கள் அந்தச் செய்திக்குப் பதில் வரும்வரை தூங்குவதில்லை. ஞாயிறு இரவு தாள் தீர்ந்து நின்றது, அடுத்த ஞாயிறுவரை அப்படியே நிற்கும். கணினியின் பிரிண்ட் வரிசையில் ஒரு வேலை சிக்கிக்கொண்டாலும் இதே கதை: கணினி மறுபடி மறுபடி அனுப்பப் பார்க்கும், பிரிண்டர் மறுபடி மறுபடி எழும். வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் நீக்கினால் தீரும்.

அடுத்தது, யாரோ தட்டிக்கொண்டே இருப்பது. பிரிண்டர் நிறுவனத்தின் மென்பொருள் மை அளவைக் கேட்டுக்கொண்டிருக்கும். வலைக் கருவிகளின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி என்ற முறையில் கணினி இன்னொரு பக்கம் கேட்கும். எல்லா மாடலும் இதற்கு விழிப்பதில்லை, சில விழிக்கும். விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்டீஸ், போர்ட்ஸ், கான்ஃபிகர் போர்ட் என்று போய் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்பதில் டிக்கை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். அது காரணமில்லை என்றால் திரும்பப் போட்டுவிடலாம்.

முன்பக்கத் துளையில் பென் டிரைவோ மெமரி கார்டோ செருகியபடி விட்டிருந்தாலும் சில மாடல் தூங்காது. ஃபேக்ஸ் உள்ள மாடல் தொலைபேசி வயரோடு இணைந்திருந்தால் அது அழைப்புக்காகக் காத்திருக்கும். ஃபேக்ஸ் பயன்படுத்தாதவர்கள் அந்த வயரைக் கழற்றிவிடலாம்.

'ஆட்டோ ஆஃப்' போட்டிருக்கிறோமே, பிறகும் ஏன் அணையவில்லை என்ற கேள்விக்குத் தனிப் பதில் உண்டு. ஹெச்பியின் பல பிரிண்டர்களில் வைஃபையோ ஈதர்நெட்டோ இணைந்ததும் ஆட்டோ ஆஃப் தானாகவே செயலிழக்கும். வலையில் இருக்கும் பிரிண்டர் திடீரென மறைந்துவிடக் கூடாது என்ற எண்ணம். அந்த நிலையிலும் ஸ்லீப் வேலை செய்யும். நேரம் குறித்து அணைக்கவும் போடவும் உதவும் 'ஷெட்யூல் ஆன்/ஆஃப்' உள்ள மாடல்களில் அது, பிரிண்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்தால் திறக்கும் பக்கத்தில் கிடைக்கும். எப்சனில் 'ஸ்லீப் டைமர்', 'பவர் ஆஃப் டைமர்' என்றும், கேனனில் 'எக்கோ செட்டிங்ஸ்' என்பதன் கீழும் தேடுங்கள். கேனனின் 'ஆட்டோ பவர் ஆன்' கட்டளை வந்ததும் தானே போட்டுக்கொள்ளும் வசதி. அது வைஃபையிலும் வேலை செய்யுமா, யூஎஸ்பியில் மட்டுமா என்பது மாடலைப் பொறுத்தது.

அளப்பது எப்படி, எங்கே ஏமாறுவோம்

பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டர் போதும். ஆனால் திரையில் அந்த நொடி காட்டும் வாட்டை எழுதிக்கொள்ளாதீர்கள். மலிவு மீட்டர்கள் 2 வாட்டுக்குக் கீழே நம்பகமாகக் காட்டுவதில்லை; சில வெறும் பூஜ்யம் காட்டும். போதாததற்கு ஸ்லீப்பில் இருக்கும் பிரிண்டர் இடையிடையே விழித்து வைஃபைக்குப் பதில் சொல்வதால் எண் குதித்துக்கொண்டே இருக்கும்.

மீட்டரை யூனிட் கூட்டும் நிலைக்கு மாற்றி, பூஜ்யமாக்கி, ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். மீட்டர் 0.01 யூனிட்வரை மட்டும் காட்டும் என்றால், 1.2 வாட் அந்த ஒரு இலக்கத்தை நகர்த்தவே 8 மணி 20 நிமிடம் எடுக்கும். ஒரே இரவு அளந்தால் 0.01, இல்லையென்றால் 0.02 என்று நிற்கும்; பாதிக்குப் பாதி பிழை. 168 மணி நேரத்தில் 0.20 என்று வந்தால், 0.20-ஐ 168-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்க 1.19 வாட். அதே ஒரு வாரத்தில் 0.80-க்கு அருகே வந்தால் உங்கள் பிரிண்டர் தூங்கவில்லை. வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை.

மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றால், பல சாக்கெட் உள்ள பெட்டியில் பிரிண்டரோடு ஒரு 15 வாட் குண்டு பல்பையும் சேர்த்து ஓட்டிக் கழித்துப் பார்ப்பது ஒரு வழி. இதிலும் பொறி உண்டு: குண்டு பல்பின் வாட் வோல்ட்டோடு ஏறி இறங்கும். 2 விழுக்காடு வோல்ட் மாறினால் பல்பின் கணக்கே அரை வாட் நகரும். நீங்கள் தேடுவது 1.2 வாட். வோல்ட் நிலையாக இருக்கும் வேளையில், பல்பு மட்டும் ஒரு தடவை, இரண்டும் சேர்ந்து ஒரு தடவை, மறுபடி பல்பு மட்டும் என்று அடுத்தடுத்து அளந்தால்தான் பயன்.

கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரை அளந்து வோல்ட்டால் பெருக்குவது வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி சிறு சுமையில் மின்மாற்றும் பகுதி, அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுக்கும்; உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். பெருக்கி வருவது வோல்ட்-ஆம்பியர். வாட் அதில் பாதிக்கும் கீழே இருக்கலாம். வீட்டு மீட்டர் எண்ணுவது வாட்டைத்தான்.

வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்குத் துடிப்பை எண்ணுவதும் சிறு சுமைக்கு உதவாது. யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று எழுதியிருந்தால் ஒரு துடிப்புக்கு 1,125 ஜூல், 1.2 வாட்டுக்கு அது 15 நிமிடத்துக்கு மேல். தவிர, வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டால், ஒரு குறைந்தபட்ச மின்னோட்டத்துக்குக் கீழே அந்த மீட்டர் எண்ணவே தொடங்காமல் இருக்கலாம். அதனால் பிரிண்டர் இலவசம் என்று ஆகாது. ஃபிரிட்ஜோ விளக்கோ ஓடும்போது எல்லாம் சேர்ந்து எண்ணப்படும்.

சுவர் ஸ்விட்சும் மையும்

இந்த வீட்டில் ஒவ்வொரு தடவையும் பட்டனால் அணைத்தால் என்ன ஆகும்? அணைந்த நிலைக்கு 1.75 யூனிட். திரும்பப் போடும்போது 40 வினாடி 10 வாட் என்று 240 தடவைக்கு 0.03. அச்சிடுவதற்கு 0.05, பட்டனை அழுத்தும்வரை ஒரு நிமிடம் காத்திருந்ததற்கு 0.02. மொத்தம் 1.85 யூனிட், 8.8 யூனிட் மிச்சம். யாரும் எழுந்து போய் அழுத்த மாட்டார்கள் என்றால், 2 மணி நேரத்தில் தானே அணையும்படி வைத்தாலே 2.4 யூனிட்டில் நிற்கும். சோம்பேறித்தனத்துக்கு ஆகும் கூடுதல் விலை அரை யூனிட்.

அந்த 1.75 யூனிட்டையும் மிச்சம் பிடிக்கச் சுவர் ஸ்விட்சை அணைக்கலாம். இங்கே வரிசை முக்கியம். பட்டனை அழுத்தியதும் ஹெட் வலது ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடியின் மேல் உட்காரும். நாசில்களில் காற்று படாமல் இருப்பது அந்த மூடியால்தான். மின்விளக்கு சிமிட்டுவது நின்று முழுதாக அணைந்த பிறகு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். நேரடியாகச் சுவரில் அணைத்தால், ஹெட் நடுவழியில் நின்ற நேரமாக இருக்கும் பட்சத்தில், நாசில்கள் திறந்தபடி காய்ந்து அடைத்துக்கொள்ளும். பல சாக்கெட் பெட்டியின் ஒரே ஸ்விட்சில் கணினியையும் பிரிண்டரையும் சேர்த்து அணைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் வெள்ளைக் கோடு விழும் பிரிண்ட் அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம்.

முறையாக அணைத்தாலும் ஒரு செலவு இருக்கிறது. சில மாடல்கள் கடைசியாகச் சுத்தம் செய்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கு வைத்து அடுத்த சுத்தத்தை முடிவு செய்கின்றன. சுவரில் வெட்டினால் கடிகாரம் போய்விடும். எவ்வளவு நேரம் கழிந்தது என்று தெரியாததால், போட்டவுடன் ஒரு தடவை சுத்தம் செய்துவிடும். அந்தச் சுத்தத்தில் பல பக்கத்துக்கான மை உறிஞ்சப்பட்டுக் கழிவுப் பஞ்சுக்குப் போகும். பஞ்சு நிறைந்ததாக எண்ணிக்கை சொன்னதும் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். ஆண்டுக்கு இரண்டு யூனிட்டுக்கும் குறைவான மிச்சத்துக்காக மை வீணாவதைக் காட்டிலும், பட்டனோடு நிறுத்திக்கொள்வது லாபம். உங்கள் மாடல் எப்படி என்று காதால் தெரிந்துகொள்ளலாம்: சுவரில் அணைத்து மறுநாள் போட்டால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் பம்ப் கறகறவென்று ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் சுவர் ஸ்விட்சை வாரக்கணக்கில் ஊருக்குப் போகும்போதும், இடி மின்னல் நாளிலும் மட்டும் தொடுங்கள்.

லேசர் பிரிண்டரோடு ஒப்பிடுவோருக்கு ஒரு வரி. லேசரில் டோனர் என்ற மைப்பொடியை உருக்கும் ஃபியூசர் உருளை 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக வேண்டும். அச்சிடும்போது சில நூறு வாட் இழுக்கும், சூடேறும் நொடிகளில் இன்னும் கூட. பக்கத்துக்கு மின்சாரம் பல மடங்கு. இருந்தும் மாதம் 100 பக்கம் என்ற அளவில், இரண்டையும் எப்போதும் பிளக்கில் விட்டால், ஆண்டு மொத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்லீப் வாட்தான். சிறு யூபிஎஸ்-இல் ஓட்ட வேண்டுமானால் இங்க்ஜெட் ஓடும். ஃபியூசரின் இழுப்பை அது தாங்காது.

இந்த வீட்டுக்கான அமைப்பு இது: ஸ்லீப் டைமர் 5 நிமிடம் அல்லது மாடல் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு, தானே அணைவது 2 மணி நேரம், வைஃபையில் அது வேலை செய்யாத மாடல் என்றால் இரவு 10 முதல் காலை 7 வரை ஷெட்யூல் ஆஃப், பிரிண்ட் வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் எடுப்பது, யாருக்கும் எதுவும் வேண்டாத வாரத்திலும் நான்கு நிறமும் வரும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கான மின்சாரம் 0.0001 யூனிட்டுக்கும் கீழே. நாசில் அடைப்பை நீக்கப் போகும் மையை அது காப்பாற்றும். ஃபர்ம்வேர் அப்டேட்டும் ஃபேக்டரி ரீசெட்டும் சில மாடல்களில் டைமர்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும்; அவற்றுக்குப் பிறகு இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.